அப்பத்தாவின் படிக்கம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப பரணைச் சுத்தம் பண்ணினோம். ஒட்டடைக்கு நடுவுல ஒரு பித்தளைச் சாமான் உருண்டு வந்துச்சு. வாய் அகலம், கழுத்து குறுகல், அடி உருண்டை. தங்கச்சி மகள் அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "மாமா, இது பூ ஜாடியா?"ன்னு கேட்டா.

"இல்லடா, படிக்கம். உங்க கொள்ளுப்பாட்டி வெத்தலை எச்சி துப்புறதுக்கு வச்சிருந்தது."

அவ்வளவுதான். "ச்சீய்"ன்னு கீழே போட்டுட்டு கை கழுவ ஓடிட்டா. :-)

அந்த 'ச்சீய்'தான் இந்தப் பதிவுக்குக் காரணம். எச்சிலைப் பத்தி யாராவது உட்கார்ந்து எழுதுவாங்களான்னு கேட்காதீங்க. எழுத நிறைய இருக்கு. எங்க வீட்டுக் கதையும் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு.

எங்க ஊர் வ. புதுப்பட்டி. 'வ.'ன்னா வத்திராயிருப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வத்திராயிருப்பு பஸ் ஏறினா வரும், மேற்கே பார்த்தா மலை தெரியும். ராஜபாளையம் மாதிரி மில்லு, பேர் பெத்த நாய்னு எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. தென்னந்தோப்பும் வயலும் திண்ணையும்தான். எங்க வீட்டுத் திண்ணை அப்பத்தாவோடது. பக்கத்துல ஒரு சுருக்குப் பை, சின்ன இரும்பு உரல், சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி, அப்புறம் இந்தப் படிக்கம். கடைவாய்ப் பல்லு போன பிறகு வெத்தலையை இடிச்சுத்தான் போடணும். இடிக்கிற வேலை என்னோடது. ரெண்டு வெத்தலை, காம்பு கிள்ளி, நகத்தளவு சுண்ணாம்பு, சீவின கொட்டைப்பாக்கு, கடைசியா ஒரு துணுக்குப் போயிலை. போயிலையை மட்டும் என்னைத் தொட விடமாட்டா. "அது உனக்கு ஆகாதுடா"ம்பா. அவளுக்கு மட்டும் ஆகுமான்னு எனக்குக் கேட்கத் தெரியலை.

இன்னொரு விஷயமும் சொல்லணும், பின்னாடி தேவைப்படும். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு வாய் போட்டு, இடது கொடுப்புல அதக்கிக்கிட்டே தூங்கிடுவா. காலைலதான் துப்புவா.

சரி, எச்சிலுக்கு வருவோம்.

நம்ம ஆளுங்களுக்கு எச்சில்னா தீட்டு. அதே சமயம் கண்ணப்பர் வாயில தண்ணி கொண்டுவந்து சிவனுக்கு அபிஷேகம் பண்ணின கதையையும் நாமதான் கும்பிடுறோம். பக்கத்து ஊர் ஆண்டாள் சூடிக் கழிச்ச மாலையைத்தான் பெருமாள் கேட்டு வாங்கிக்கிட்டார். ஒரு ஆளோட வாய் பட்டது, உடம்பு பட்டதுங்கிறதுல அருவருப்பும் அன்பும் சேர்ந்தே இருக்கு. அதை விடுங்க, உடம்பு விஷயம் என்னன்னு பார்ப்போம்.

ஒரு நாளைக்கு நம்ம வாயில அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் உமிழ்நீர் ஊறுது. பெரிய சுரப்பி மூணு ஜோடி. காதுக்கு முன்னாடி ஒண்ணு (பொன்னுக்கு வீங்கி வந்தா வீங்குறது இதுதான்), தாடைக்குக் கீழே ஒண்ணு, நாக்குக்கு அடியில ஒண்ணு. இது போக உதடு, கன்னம், அண்ணம் எல்லா இடத்துலயும் பொடிப்பொடியா நூத்துக்கணக்குல இருக்கு. தண்ணிதானேன்னு நினைக்கக் கூடாது. பல்லை அரிக்கிற அமிலத்தை மட்டுப்படுத்துறது, பல் எனாமல்ல உதிர்ற சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பூசுறது, கிருமியை மட்டுப்படுத்துறது, சோத்தை வழுக்கி உள்ளே அனுப்புறது எல்லாம் இதோட வேலை. நாக்கு ருசி பார்க்கணும்னாலும் முதல்ல பண்டம் எச்சில்ல கரையணும்.

இந்தக் குழாய்களைக் கண்டுபிடிச்ச கதை சுவாரஸ்யமானது. தாடைச் சுரப்பியோட குழாயை 1656-ல லண்டன்ல தாமஸ் வார்ட்டன் விவரிச்சு எழுதினார். காதோரச் சுரப்பியோட குழாயைக் கண்டுபிடிச்சது நீல்ஸ் ஸ்டென்சன்ங்கிற டென்மார்க் மாணவர். 1660-ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தப்ப, உள்ளே விட்ட கம்பி டப்புன்னு பல்லுல போய் இடிச்சிருக்கு. அவர் தங்கியிருந்த வீட்டுக்கார வாத்தியார் பிளாசியஸ், "அது நான் கண்டுபிடிச்சது"ன்னு சண்டைக்கு வந்துட்டார். பதிவுத் திருட்டு அப்பவே உண்டு மக்களே. கடைசியில பேர் என்னமோ ஸ்டென்சனுக்குத்தான் நிலைச்சுது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரா கன்னத்தின் உட்பக்கம் நாக்கால தடவிப் பாருங்க, சின்ன மேடு தட்டுப்படும். அதுதான் அந்தக் குழாயோட வாசல். அப்பத்தா வெத்தலையை அதக்கின கொடுப்புக்குப் பக்கத்துலயேதான் அந்த வாசலும் இருக்கு.

வெத்தலை போட்டா ஏன் இவ்வளவு எச்சில் ஊறுது? காரணம் பாக்கு. அதுல அரெகோலைன்னு ஒரு சரக்கு இருக்கு. சுரப்பியில ஒரு பூட்டு இருக்குன்னு வைங்க. மூளையில இருந்து வர்ற நரம்பு ஒரு சாவி போட்டுத் திறக்கும், எச்சில் ஊறும். அரெகோலைன் ஒரு கள்ளச் சாவி. சாப்பாடு வராமலேயே பூட்டைத் திறந்து விட்டுடும். (நாய்க்கு நாடாப்புழு எடுக்கிற மருந்தாவும் ஒரு காலத்துல இந்த அரெகோலைனைக் கொடுத்திருக்காங்க. ராஜபாளையத்துக்காரங்க கவனிக்க. ஹிஹி.)

1290-கள்ல நம்ம காயல் துறைமுகத்தைப் பத்தி எழுதின மார்க்கோ போலோ, இந்த ஊர்க்காரங்க எந்நேரமும் வாயில ஒரு இலையைப் போட்டு மென்னு துப்பிக்கிட்டே இருக்காங்கன்னு குறிச்சு வச்சிருக்கார். ஒருத்தனை அவமானப்படுத்தணும்னா அந்தச் சாறை மூஞ்சியில துப்புவாங்களாம். அந்த வெத்தலையில போயிலை கிடையாது, ஏன்னா போயிலையே அமெரிக்கா சரக்கு. போர்ச்சுகீசியர் கப்பல் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச்சு. வெத்தலை பாக்கு நமக்கு ரொம்ப ரொம்பப் பழசு, போயிலை ஒரு நாலு நூற்றாண்டுச் சங்கதி. இந்த வித்தியாசத்தை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி பெரிய சண்டையே இதுலதான்.

இனி வரலாறு.

வெத்தலைக்கும் வாய்ப்புற்றுக்கும் முடிச்சு இருக்குன்னு ஆரம்பத்துலயே எழுதினவங்கள்ல ஒருத்தர் நிப்ளாக். மெட்ராஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டல்ல, அதாங்க சென்ட்ரலுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற ஜி.ஹெச்.ல, அறுவை மருத்துவரா இருந்தவர். 1902-ல இந்தியன் மெடிக்கல் கெஜட்ல எழுதினார். ஐரோப்பாவுல வாய்ப்புற்றுன்னா உதடு, நாக்குன்னு பார்த்துப் பழகின டாக்டருங்க, இங்க வந்து கன்னத்தின் உட்பக்கம் வர்ற புற்றைக் கூட்டங்கூட்டமாப் பார்த்து அசந்து போனாங்க. வெத்தலை எங்கே அதக்கப்படுதோ அங்கேயே புண்ணு.

அப்புறம் கதை தெற்கே போகுது, தென் திருவிதாங்கூர். நெய்யூர்ல லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி ஒண்ணு இருந்தது. இன்னைக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டம், 1956-ல தமிழ்நாட்டோட சேர்ந்த பகுதி. 1908-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல அந்தப் பக்கத்து மிஷன் டாக்டருங்க ரெண்டு பேர் அடுத்தடுத்து எழுதினாங்க. ஃபெல்ஸ்ங்கிறவர் தென்னிந்தியாவின் வாய்ப்புற்று பத்தி 209 அறுவை சிகிச்சைக் கணக்கோட எழுதினார். பென்டால்ங்கிறவர் திருவிதாங்கூர்ல புற்றுநோய்ன்னு 1,700 கேஸைத் தொகுத்தார். யோசிச்சுப் பாருங்க. எக்ஸ்ரே வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆச்சு. ஆன்டிபயாடிக் கிடையாது. இந்தக் கோடியில உட்கார்ந்து ஆயிரத்து எழுநூறு பேரைக் கணக்கெடுத்து எழுதியிருக்காங்க.

நெய்யூர்னா எனக்கு முதல்ல நினைவுக்கு வர்றது ஹோவர்ட் சாமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போனவர். 1922 பயணம் முடிஞ்சு இந்தியாவைச் சுத்திப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். ஆஸ்பத்திரியில குவிஞ்சு கிடந்த கூட்டத்தைப் பார்த்துட்டு, லண்டன்ல காத்திருந்த வேலையை விட்டுட்டு இங்கேயே வந்துட்டார். இருபது வருஷத்துக்கு மேல நெய்யூர், அதுக்கப்புறம் வேலூர் சி.எம்.சி. நடுவுல 1924-ல மறுபடியும் எவரெஸ்ட். இருபத்தெட்டாயிரம் அடி வரைக்கும் ஏறிட்டு, தொண்டை போனதால திரும்பி இறங்கினார். வழியில மூச்சுக்குழலை ஏதோ அடைச்சுக்கிச்சு. சத்தம் போட்டுக் கூப்பிடவும் முடியலை, செத்தோம்னு பனியில உட்கார்ந்துட்டார். ரெண்டு கையாலயும் நெஞ்சை ஓங்கி அமுக்கினதுல அது வெளியே வந்து விழுந்துச்சு. என்னன்னு பார்த்தா குளிர்ல கருகி உரிஞ்ச அவரோட சொந்தத் தொண்டைச் சவ்வு! தொண்டை ஈரப்பசை இல்லாமப் போனா என்ன ஆகும்னு அனுபவிச்ச ஆள், மிச்ச காலத்தை நம்ம ஜனங்களோட வாயையும் வயித்தையும் அறுத்துத் தைக்கிறதுல கழிச்சிருக்கார். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை, அதான் கொஞ்சம் நீட்டிட்டேன். மன்னிக்கவும்.

1933-ல ஐயன் ஆர், திருவிதாங்கூர்ல வெத்தலை போடுறவங்களோட வாய்ப்புற்று பத்தி லான்செட்ல எழுதினார். இன்னைக்கும் இந்த விஷயத்துல யார் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும் மேற்கோள் பட்டியல்ல அவர் பேர் தலைகாட்டும். அப்புறம் சென்னை அடையாறு. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல 12 படுக்கையோட தொடங்கின புற்றுநோய் ஆஸ்பத்திரி. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. அவரும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து 1959-லயும் 1963-லயும் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்ல எழுதினாங்க. இதுவரைக்கும் வெள்ளைக்கார டாக்டருங்க நம்ம வாயைப் பார்த்து எழுதிக்கிட்டு இருந்தாங்க. இப்ப வெத்தலைன்னா என்னன்னு யாரும் விளக்கத் தேவையில்லாத டாக்டருங்க, நோயாளிகிட்ட அவங்க பாஷையிலேயே பேசி, என்ன போடுறே, எத்தனை தடவை போடுறேன்னு விசாரிக்க முடிஞ்சுது. சாந்தா 2021-ல இறக்குற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடு.

1966-ல ஜப்பான்காரர் ஹிராயாமா உலக சுகாதார நிறுவன இதழ்ல ஒரு ஆய்வு போட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுறாங்களோ அதுக்கேத்தபடி ஆபத்து ஏறுது. வெத்தலையை வாயில வச்சுக்கிட்டே தூங்குறவங்களுக்கு இன்னும் மோசம். இதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. தூங்கும்போது உமிழ்நீர் கிட்டத்தட்ட நின்னுடும். கழுவி விட ஆள் இல்லாம சரக்கு முழுக்க ஒரே இடத்துல ராத்திரி பூரா ஊறிக்கிட்டு இருந்திருக்கும்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

பெரிய சண்டைன்னு சொன்னேனே. குத்தவாளி போயிலையா, பாக்கா? நம்ம ஊர்ல இன்னைக்கும் கேட்டுப் பாருங்க. "போயிலைதாம்ப்பா கெடுதல். வெறும் வெத்தலை பாக்கு சீரணத்துக்கு நல்லது"ம்பாங்க. 1985-ல சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லுச்சு. போயிலை சேர்த்த வெத்தலை புற்றுநோய் உண்டாக்கும், போயிலை இல்லாததுக்கு ஆதாரம் போதலைன்னு. காரணம் சுலபம். இங்கே போடுறவங்கள்ல பெரும்பாலானவங்க ரெண்டையும் சேர்த்தே போடுறாங்க, எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? பதில் தைவான்ல கிடைச்சுது. அங்கே பாக்கு போடுறாங்க, போயிலை சேர்க்கிறதில்லை. ஆனா ஆம்பளைங்களுக்கு வாய்ப்புற்று கொட்டிக் கிடக்கு. பப்புவா நியூகினியிலயும் அதே கதை. 2004-ல வந்த அறிக்கையில அதே முகமை மாத்தி எழுதுச்சு. போயிலை இல்லாத வெத்தலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். தனிப் பாக்கும் உண்டாக்கும்.

இதுல எச்சிலுக்கும் பங்கு உண்டு. பாக்குல இருக்கிற சரக்கு வாயில நைட்ரோசமைன்னு ஒரு கெட்ட வகையா மாறுது. வெத்தலை போடுறவங்க உமிழ்நீரைப் பிடிச்சுச் சோதிச்சு 1980-கள்ல இதைக் கண்டுபிடிச்சாங்க. சுண்ணாம்பு சேர்ந்து எச்சில் காரமாகும்போது செல்லைக் குடையுற வேற சில வேதிப்பொருளும் உண்டாகுது. வாயைக் காக்க வேண்டிய காவக்காரனே திருடனுக்கு ஏணி பிடிச்ச கதை.

அப்பத்தா கதையை முடிச்சிடுறேன்.

1995 வாக்குல இடது கன்னத்துல உள்ளே வெள்ளையா ஒரு திட்டு வந்துச்சு. வலி கிடையாது. வலி இல்லாததால யாரும் கண்டுக்கலை. அப்புறம் எரியுதுன்னா. பக்கத்துல காட்டினப்ப வாய்ப்புண்ணுன்னு சத்து மாத்திரை கொடுத்தாங்க. அதுலயே ஏழெட்டு மாசம் ஓடிடுச்சு. திட்டு புண்ணாகி, புண்ணு கட்டியாகி, மதுரைக்குக் கூட்டிட்டுப் போனப்ப கழுத்துல நெறி கட்டியிருந்துச்சு. அறுத்துட்டு அப்புறம் 'கரண்ட்' வச்சாங்க. முப்பது நாளைக்கு மேல.

கட்டி கரைஞ்சுது. கூடவே சுரப்பியும் போச்சு. காதோரச் சுரப்பி கதிர்வீச்சைத் தாங்காது, அப்ப இருந்த மெஷின்ல அதை மட்டும் ஒதுக்கி வைக்க வழியில்லை. (இப்ப சுரப்பியைத் தப்ப வச்சு கரண்ட் வைக்க முடியுது. அப்படி வச்சா வாய் வறட்சி குறையுதுன்னு 2011-ல இங்கிலாந்துல ஒரு சோதனை காட்டியிருக்கு.) ஒரு நாளைக்கு ஒரு படிக்கம் ரொப்பின மனுஷிக்கு வாயில பொட்டு ஈரம் கிடையாது. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணி. ரசஞ்சோத்தைக் கரைச்சுக் கொடுத்தாலும் "மண்ணு மாதிரி இருக்குடா"ம்பா. மிச்சமிருந்த பல்லெல்லாம் ஒரே வருஷத்துல கறுத்து ஒடிஞ்சுது. எச்சில் இல்லாத பல்லு அப்படித்தான் ஆகும்னு இப்பத் தெரியுது, அப்ப யாரும் சொல்லலை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு வாய் இடிச்சுக் குடுடா, எச்சி ஊறுதான்னு பார்க்கிறேன்"ன்னா. நான் கொடுக்கலை. கொடுத்திருக்கலாமோன்னு இன்னைக்கும் தோணும்.

அப்படிக் கரண்ட் வச்சு வாய் காய்ஞ்சவங்களுக்கு பைலோகார்பின்னு ஒரு மாத்திரையை 1994-ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க. பிரேசில்ல விளையுற ஒரு செடியில இருந்து எடுக்கிறது. அது எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சப்பத்தான் ஆடிப் போனேன். சுரப்பியில நான் சொன்னேனே ஒரு பூட்டு, அதே பூட்டுதான். அரெகோலைன் திறக்கிற அதே வாசலைத்தான் அந்த மருந்தும் திறக்குது. சுரப்பி கொஞ்சமாவது உயிரோட இருந்தா ஊறும். அப்பத்தா கேட்டது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. 1999-ல போய்ச் சேர்ந்தா.

படிக்கம் காணாமப் போனதால பிரச்சினை முடியலை. உரல் போய் பாக்கெட் வந்துச்சு. பாக்குத்தூளை மென்னு மென்னு கன்னம் நாராகி, வாய் திறக்க முடியாமப் போற நோய் ஒண்ணு இருக்கு. 1952-ல ஷ்வார்ட்ஸ்ங்கிறவர் கென்யாவுல இருந்த அஞ்சு இந்தியப் பெண்கள்கிட்ட பார்த்து எழுதினார். எர்ணாகுளத்துல அந்த நோய் இருந்த 66 பேரை 17 வருஷம் தொடர்ந்து பார்த்ததுல 7.6 சதவீதம் பேருக்குப் புற்று வந்துச்சு. குட்காவைத் தமிழ்நாடு 2001-ல தடை பண்ணுச்சு, அந்த மாதிரித் தடை செல்லாதுன்னு 2004-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, 2013-ல வேற சட்டத்துல மறுபடியும் தடை. எங்க ஊர் பஸ் ஸ்டாப்ல கீழே குனிஞ்சு பார்த்தா தடையோட லட்சணம் தெரியும்.

திருவனந்தபுரத்துல 1996-ல தொடங்கி ஒரு பெரிய சோதனை நடந்துச்சு. பெரிய மெஷின் எதுவும் இல்லை. பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாப் போய், வெளிச்சத்துல வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாங்க. அவ்வளவுதான். 2005-ல லான்செட்ல முடிவு வந்துச்சு. புகையிலை, குடி பழக்கம் இருக்கிறவங்கள்ல வாய்ப்புற்றுச் சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு.

பொங்கலன்னைக்கு இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். அவர் நாப்பது வருஷமா வெறும் வெத்தலை பாக்கு, போயிலை கிடையாது. "எனக்கெல்லாம் ஒண்ணும் வராதுடா"ன்னு சிரிச்சார். சிரிச்ச வாயில மூணு விரலைச் செங்குத்தா வைக்கச் சொன்னேன். ரெண்டுதான் போச்சு. செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தா, வலது கொடுப்புல, குழாய் வாசலுக்குக் கொஞ்சம் கீழே, விரல் நகத்தளவு வெள்ளை. தொட்டா வலிக்கலைன்னார்.

மறுநாள் காலைல முதல் பஸ்ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். சதை எடுத்துச் சோதிச்சதுல இன்னும் புற்று ஆகலைன்னு சொன்னாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும். வெத்தலையை விட்டுட்டேன்னு போன்ல சொல்றார். சித்தி வேற மாதிரி சொல்றாங்க.

படிக்கத்தைப் புளி போட்டு விளக்கி வச்சிருக்கேன். தங்கச்சி மகள் அதுல மணி பிளான்ட் வச்சிருக்கா.